பத்து மணிக்கு இடப்பக்கம்

பள்ளி அலுவலகத்தில் என் மேசையின் மூன்றாவது இழுப்பறை
பிடிபட்ட போன்களுக்கானது.
எட்டாம் வகுப்பு பி பிரிவு, பெலிக்ஸ்.
துண்டுச்சீட்டில் பேரெழுதி ரப்பர் பேண்டு சுற்றி
உள்ளே போட்டவள் நான்தான்.
பெற்றோர் வந்து கையெழுத்திட்டால் திருப்பித் தரலாம்.
அதுதான் விதி,
சுவரில் மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறது.

பத்து மணிக்கு இழுப்பறை நடுங்கியது.
ஸ்டேப்ளரும் சாக்பீஸ் டப்பாவும் சேர்ந்து கடகடத்தன.
அணைக்கத்தான் எடுத்தேன்.
கீறல் விழுந்த திரையில், தமிழில்:
அம்மா இடப்பக்கம்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.

பன்னிரண்டுக்கு மறுபடி.
அம்மா வலப்பக்கம்.
அதற்குள் அவனே வாசலில் நின்றிருந்தான்,
ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டு.
"ஒரே ஒரு மிஸ்டு கால் மிஸ்.
போன் ஒங்க கையிலயே இருக்கட்டும்.
நீங்களே அமுக்குங்க."
எங்கே படிந்து போயிருந்தேனோ,
விதியைச் சுட்டிக் காட்டினேன்.

இரண்டு மணிக்கு:
மல்லாக்க. பையப் பாரு.

சாயங்காலம் அவன் பின்னாலேயே போனேன்.
நீலசந்திராவில் மூன்றாம் மாடி, கைப்பிடி இல்லாத படி.
கீழே இஸ்திரிக் கடை.
மிஸ்டு கால் வந்தால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு
மேலேறி வந்து செலினைப் புரட்டிப் படுக்கவைப்பார் முனிரத்தினம்மா.
இன்று வரவில்லை.
இன்று யாரும் கூப்பிடவில்லை.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான்.
ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில்,
"அம்மா, ஒண்ணு, ரெண்டு..."
அவள் முகம் சுவர்ப்பக்கம் போனதும்
என்னை வெளியே நிற்கச் சொன்னான்.
திரைச்சீலை முழுசாக மூடவில்லை.
போன் வெளிச்சத்தில் முதுகின் அடியில் ஒரு சிவப்பைத் தேடி
கட்டைவிரலால் அழுத்தி எடுத்தான்.
காத்திருந்தான்.
"வெளுக்குது மிஸ்" என்றான் உள்ளேயிருந்து,
"வெளுத்தா பயமில்ல."

பதின்மூன்று வயதுக்கு எது எது தெரியக் கூடாதோ
அதையெல்லாம் தெரிந்த விரல் அது.
என் விரல் ஸ்டாம்ப் பேடில் நீலமாகியிருந்தது.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் கண் கலங்கினார்கள்.
எவ்வளவு பொறுப்பான பிள்ளை!
குழந்தைகள் தினத்தில் மேடையேற்றி
ஒரு சால்வை, ஒரு கோப்பை.
பட்டியலில் முதல் பெயராக எழுதச் சொன்னார்கள்.
கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றேன்.

"கப்பு வேணாம் மிஸ்."
பிறகு ரொம்ப நேரம் தரையைப் பார்த்துவிட்டு,
"ஃபுட்பால் வியாழக்கிழமை நாலு மணிக்கு" என்றான்.

அவ்வளவுதான் கேட்டது.
அதற்கு நாலு விண்ணப்பம், மூன்று மாதம்.
கன்னடத்தில் நிரப்பியதைத் திருப்பியனுப்பி
ஆங்கிலத்தில் கேட்டார்கள்.
ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு முறை சண்டை போட்டேன்,
ஒரு முறை அழுதேன், அது வேலை செய்தது.
இப்போது வியாழன்தோறும் ஒரு நர்ஸ், மூன்று முதல் ஆறு வரை.
மற்ற நாட்களில் போனை அவனே கொண்டுவந்து தருகிறான்.
சீட்டு இல்லை, ரப்பர் பேண்டு இல்லை.
இழுப்பறை நடுங்கும்போது
இஸ்திரிக் கடைக்குப் பேசுவது நான்.
பத்துக்கு இடம், பன்னிரண்டுக்கு வலம்.
நான் லீவு போட்டால் பியூன் கங்கப்பா.
நன்றாகத் தூங்குகிறானா என்று கேட்கவில்லை.
கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அவனுக்கு.

இந்த வியாழன் நாலு மணி.
பந்து அவனை நோக்கித்தான் வந்தது.
நட்டநடு மைதானத்தில் நின்றுவிட்டான்,
கை, போன் இல்லாத பாக்கெட்டைத் தடவியது.
பந்து அவனைக் கடந்து கோலுக்குள் போயிற்று.
"டேய் கண்ணு தெரியலியா" என்று பையன்கள் கத்த,
நான் சன்னலிலிருந்து கத்தினேன்:
"பாத்தாச்சுடா! வலப்பக்கம்! பாத்தாச்சு!"

ஒரு நொடி என்னைப் பார்த்தான்.
அப்புறம் அவர்கள் பக்கம் திரும்பி
நல்ல கெட்ட வார்த்தை ஒன்றை, முழு நீளத்துக்கு,
தொண்டை கிழியச் சொன்னான்.

அதற்கும் ஒரு விதி இருக்கிறது, சுவரில், மூன்று மொழிகளில்.
நான் சன்னலைச் சாத்திக்கொண்டேன்.